மல் தீவிலிருந்து ஸ்டாஃபா வரை கடல் கயாக்கில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா வருகிறவர்களில் பலர் ஓபன் துறைமுகத்தில் கப்பலேறி மல் தீவுக்குப் போய், அங்கிருந்து அயோனா மடாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அந்தப் பயணத்திலேயே மூன்று நாளை ஒதுக்கி, மல்லின் மேற்குக் கரையில் கயாக் (துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு) ஓட்டிவர முடியுமா என்று நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். அந்தக் கரையில் நான்கு கோடைகள் துடுப்புப் போட்டிருக்கிறேன்; ஸ்டாஃபா தீவைத் தொட்டது இரண்டே முறை. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்தக் கரை இது? வரைபடத்தில் எங்கே தேடுவது?

ஸ்காட்லாந்தின் மேற்கே ஹெப்ரிடிஸ் தீவுக்கூட்டம். அதன் உள்வரிசையில் இருக்கும் பெரிய தீவுகளில் ஒன்று மல். இதன் மேற்குப் பக்கத்தில் கடல் நீளமாக உள்ளே நுழைந்திருக்கும். அதற்கு லாக் நா கீல் என்று பெயர். அதன் வாசலில் வடக்கே உல்வா தீவு. உல்வாவின் மேற்கு நுனியோடு ஒரு சின்னப் பாலத்தால் ஒட்டிக்கொண்டிருப்பது கோமெட்ரா. உல்வாவுக்குத் தெற்கே லிட்டில் கொலொன்சே, இஞ்ச் கென்னத் என்று இரண்டு குட்டித் தீவுகள். எல்லாவற்றையும் தாண்டி மேற்கே, திறந்த கடலில் தனியாக நிற்பது ஸ்டாஃபா. அதற்கும் வடமேற்கே ட்ரெஷ்னிஷ் தீவுகள். அவற்றில் பெரியது லுங்கா.

ஸ்டாஃபாவுக்குத்தான் சுற்றுலாப் படகு போகிறதே, கயாக் எதற்கு?

ஸ்டாஃபாவைப் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் படகிலேயே போங்கள். செலவும் குறைவு, பயமும் குறைவு, மாலைக்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது.

படகு நேராக ஸ்டாஃபாவைப் பார்த்து ஓடும். கயாக்கில் நாம் கரையை ஒட்டி, பாறைகளுக்கு நடுவே, கைக்கெட்டும் ஆழத்தில் கடற்பாசி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு போவோம். அப்படிப் போனால் உல்வாவின் தென்கரைதான் இந்தச் சுற்றுவழியின் உயிர் என்பது புரியும். ஸ்டாஃபா அதற்கு மேல் கிடைக்கும் கொசுறு. பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஸ்டாஃபாவை இலக்காக வைத்துத் திட்டம் போடுகிறார்கள். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது: இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று, போகக்கூடாத நாளிலும் கிளம்பிவிடுவார்கள்.

உல்வாவின் தென்கரையில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் பாறை. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே எரிமலைக் குழம்பு தகடு தகடாக ஓடி உறைந்திருக்கிறது. ஆறும்போது சுருங்கி, குளம் வற்றினால் களிமண் வெடிக்குமே, அதுபோல் வெடித்து, வெடிப்பு கீழ்நோக்கி இறங்கிக் கருங்கல் தூண்களாகிவிட்டது. ஸ்டாஃபாவைப் புகழ்பெறச் செய்த அதே தூண்கள் உல்வாவிலும் இருக்கின்றன, கூட்டம் இல்லாமல். தூணடியில் கயாக்கை நிறுத்திக் கையை வைத்துப் பாருங்கள். வெயில் பட்ட பக்கம் சூடாக இருக்கும். ஒரு விரல் தள்ளி நிழல் பக்கம் சில்லென்று ஈரமாக இருக்கும்.

பிறகு, ஆளில்லாத ஊர்கள். 1837இல் உல்வாவில் சுமார் 600 பேர் வாழ்ந்தார்கள். கடற்பாசியை எரித்துச் சோப்புக்கும் கண்ணாடிக்கும் சாம்பல் விற்றார்கள், உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். சாம்பல் விலை விழுந்தது. 1840களில் கிழங்கில் நோய் விழுந்தது. 1835இல் தீவை விலைக்கு வாங்கியிருந்த பிரான்சிஸ் வில்லியம் கிளார்க் என்ற நிலச்சுவான்தார் குடும்பம் குடும்பமாக மக்களை வெளியேற்றி ஆடு விட்டார். போக்கிடம் இல்லாதவர்களைக் கொண்டுபோய் வைத்த வீட்டு வரிசைக்குப் ‘பட்டினி வரிசை’ என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. 2018இல் உள்ளூர் மக்கள் அமைப்பு ஒன்று அரசு நிதியுதவியோடு தீவை வாங்கியபோது அங்கே வாழ்ந்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஓர்மேக் என்ற ஊரின் இடிந்த சுவர்களைத் தென்கரையில் பார்க்கலாம். அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. மாலையில் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் கரையைப் பார்த்தால், சரிவுப் புல்லில் சீப்பால் வாரியதுபோல் இணைகோடுகள் தெரியும். அந்த மக்கள் மண்ணைக் குவித்துக் கிழங்கு போட்ட பாத்திகள். நண்பகலில் அவை கண்ணில் படுவதே இல்லை.

நம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு செய்தி: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநராக 1810 முதல் 1821 வரை இருந்த லாக்லன் மெக்குவாரி இந்தத் தீவுக்காரர். அந்தப் பதவிக்கு முன்னால், 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் ஆங்கிலேயப் படையில் இருந்தார். அவருடைய கல்லறை மல்லில் க்ருலைன் என்ற இடத்தில் இருக்கிறது. உல்வாவுக்குக் காரில் போகும் வழியிலேயே திரும்பிப் பார்த்துவிடலாம்.

எனக்கு எவ்வளவு அனுபவம் வேண்டும்?

ஏரியில் இரண்டு முறை ஓட்டியது போதாது. சுமை ஏற்றிய கயாக்கில் ஒரே நாளில் 20 கிலோமீட்டர் ஓட்டி, மறுநாளும் எழுந்து ஓட்ட முடிகிறவராக இருக்க வேண்டும். கடலில் கவிழ்ந்தால் தோழர் உதவியோடு திரும்ப ஏறத் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் பழகியது கணக்கில் வராது. அலையில், குளிர்ந்த தண்ணீரில் பழகியிருக்க வேண்டும். குழுவில் ஒருவருக்காவது ஓத அட்டவணையும் (கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) கடல் வரைபடமும் படிக்கத் தெரியவேண்டும். இவை இல்லையென்றால் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என் முதல் கோடை அப்படித்தான் போனது.

எந்த மாதம் நல்லது?

மே கடைசி, ஜூன் முதல் பாதி. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒப்பளவில் மழை குறைந்த பருவம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. ஜூன் நடுவில் இரவு பத்து மணி தாண்டித்தான் சூரியன் மறையும். தவறாகக் கணக்குப் போட்டாலும் இருட்டில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். லுங்காவிலும் ஸ்டாஃபாவிலும் பஃபின் பறவைகள் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் கடல் கொஞ்சம் வெதுவெதுப்பு. ஆனால் மிட்ஜ் என்ற பொடிக்கொசு இருக்கிறது. காற்று ஓய்ந்த மாலையில் புகைபோல் கிளம்பி வந்து காதுக்குள், கண்ணிமைக்குள் எல்லாம் புகுந்து கடிக்கும். கயாக்குக்கு நாம் வேண்டிக்கொள்ளும் காற்றில்லாத வானிலை அதற்கும் ரொம்பப் பிடித்தமானது. தலைவலை ஒன்று வாங்கிவிடுங்கள், சில பவுண்டுதான்.

மூன்று நாளை எப்படிப் பிரிப்பது?

ஓபனிலிருந்து மல்லின் க்ரெய்க்னூர் துறைக்குக் கப்பலில் முக்கால் மணி நேரம். கார் ஏற்றுகிறீர்கள் என்றால் கோடையில் முன்பதிவு கட்டாயம். கூரையில் கயாக் கட்டியிருப்பதை உயரத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அங்கிருந்து சேலன் வழியாக உல்வா ஃபெர்ரி என்ற துறைக்கு ஒரே வண்டி போகும் அகலமுள்ள சாலை. தூரம் குறைவுதான், ஆனாலும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வரும்போதெல்லாம் ஒதுங்க வேண்டியிருக்கும், ஆடுகள் வேறு.

முதல் நாள் துறையிலிருந்து தெற்கே இறங்கி, உல்வாவின் தென்கரையை ஒட்டி 8 கிலோமீட்டர் போல. அவ்வளவு போதும். பாதி நேரம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பீர்கள்.

இரண்டாம் நாள் காலையில்தான் முடிவு. கடல் அமைதி என்றால் லிட்டில் கொலொன்சேயின் மேற்கு முனையிலிருந்து ஸ்டாஃபாவுக்குச் சுமார் 6 கிலோமீட்டர் திறந்த கடல். நல்ல நாளில் ஒன்றேகால் மணி நேரம். திரும்பும்போது வடக்கே கோமெட்ரா பக்கம் வரலாம், அதுவும் ஏறத்தாழ அதே தூரம். அமைதி இல்லையென்றால் உள்ளுக்குள்ளேயே இஞ்ச் கென்னத்துக்குப் போங்கள். ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் 1773இல் தன் ஹெப்ரிடிஸ் பயணத்தில் தங்கிய தீவு அது. எதிரே மல்லின் க்ரிபுன் செங்குத்துப் பாறைகள் தெரியும்.

மூன்றாம் நாள் உல்வாவுக்கும் கோமெட்ராவுக்கும் நடுவிலுள்ள இடுக்கில், பாலத்துக்கு அடியில் புகுந்து வடகரைக்கு வந்து, லாக் டுவா என்ற கடல்நுழைவு வழியாகத் துறைக்குத் திரும்புவது. எதிர்க்கரையில் கடலுக்குள்ளேயே நேராக விழும் ஓர் அருவி இருக்கிறது. ‘ஈஸ் ஃபோர்ஸ் வாட்டர்ஃபால்’ என்று வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருக்கும். ஈஸ் என்றால் கேலிக் மொழியில் அருவி. ஃபோர்ஸ் என்றால் பழைய நார்ஸ் மொழியில் அருவி. நம்மூர் ‘நடு சென்டர்’ தோற்றது போங்கள்.

ஓதத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நிறைய. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அதாவது நம் பழைய சொல்லில் காருவா, வெள்ளுவா நாட்களில், இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 4 மீட்டரை நெருங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேரத்தில் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, பிறகு 2, 3, 3, 2, 1 என்று ஏறும். நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி உயரம் ஏறிவிடுகிறது. 4 மீட்டர் நாளில் அந்த நேரத்தில் மணிக்கு ஒரு மீட்டர். டீ போடக் கரையேறி, கயாக்கைத் தண்ணீரோரமாக விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அது மிதந்துகொண்டிருக்கும். இது எனக்கே நடந்தது. கழுத்தளவு தண்ணீரில் போய் இழுத்துவந்தேன், டீ ஆறிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் சொன்ன பாலத்தடி இடுக்கு வற்றத்தில் தரை தட்டிவிடும். ஏற்றம் உச்சத்தைத் தொடும் நேரத்தை ஒட்டி அங்கே இருக்க வேண்டும். ஆகவே திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள்: முதலில் அந்த நாளின் ஏற்ற நேரம், அதிலிருந்து கிளம்பும் நேரம், அதிலிருந்து எழும் நேரம்.

வானிலை அறிக்கையில் எதைப் பார்ப்பது?

கைபேசியில் வரும் சூரியன்-மேகம் படம் உதவாது. பிரிட்டிஷ் வானிலைத் துறை கரையோரக் கடலுக்குத் தனி அறிக்கை வெளியிடுகிறது. அதில் ‘மல் ஆஃப் கின்டயரிலிருந்து அர்ட்னமர்க்கன் முனை வரை’ என்ற பகுதியைப் பாருங்கள் (இந்த ‘மல்’ நம் தீவு இல்லை, ஒரு கடல்முனை). கப்பல்களுக்கான பெரிய அறிக்கையில் இந்தக் கடலுக்குப் பெயர் மாலின். அந்த அறிக்கைகளில் சொற்களுக்குக் கறாரான பொருள் உண்டு. ‘இமினென்ட்’ என்றால் 6 மணி நேரத்துக்குள், ‘சூன்’ என்றால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள், ‘லேட்டர்’ என்றால் 12 மணி நேரத்துக்குப் பிறகு. லேட்டர் என்பதை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காற்று போஃபோர்ட் அளவில் 3க்கு மேல் போனால், அதாவது மணிக்கு 10 கடல் மைல் வேகத்தைத் தாண்டினால், ஸ்டாஃபாவுக்கு நான் கிளம்புவதில்லை. காற்றைவிட முக்கியம் ஸ்வெல். எங்கோ அட்லாண்டிக்கில் அடித்த புயலில் பிறந்து, இங்கே இலை அசையாத நாளிலும் நீண்டு புரண்டு வரும் அலை அது. நடுக்கடலில் தாலாட்டுவதுபோல் இருக்கும். பாறையில் மோதித் திரும்பும் இடத்தில் எந்தப் பக்கம் தூக்கிப்போடும் என்றே தெரியாது. ஸ்டாஃபாவின் நான்கு பக்கமும் பாறைதான்.

ஸ்டாஃபாவின் ஃபிங்கல் குகைக்குள் கயாக்கோடு போகலாமா?

ஸ்வெல் அறவே இல்லாத நாளில் போகலாம். உள்ளே சுமார் 70 மீட்டர் நீளம், 20 மீட்டர் உயரம், இருபுறமும் தூண்கள். கேலிக் மொழியில் இதற்கு ‘இன்னிசைக் குகை’ என்று பொருள்படும் பெயர். 1772இல் ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் வந்த இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் எழுதித்தான் வெளியுலகுக்கு இது தெரிந்தது. 1829இல் வந்த இசைமேதை மெண்டல்சன் பிறகு ‘ஹெப்ரிடிஸ்’ என்ற இசைக்கோவையை எழுதினார்.

நான் உள்ளே போனது ஒரே முறை, காலை ஏழு மணிக்கு, முதல் சுற்றுலாப் படகு வருவதற்கு முன். கயாக்கின் மூக்கை வெளிப்பக்கம் திருப்பி, பின்பக்கமாகவே உள்ளே போனேன். அலை வந்தால் உடனே வெளியே துடுப்புப் போட அதுதான் வசதி. வாசலில் கேட்காத சின்ன அலைகூடக் கடைசிச் சுவரில் போய் அடித்துத் ‘தும்’ என்று திரும்பி வந்து நெஞ்சில் விழுகிறது. துடுப்பிலிருந்து சொட்டும் நீர்கூடக் கேட்டது. ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வந்துவிட்டேன்.

தண்ணீர் அவ்வளவு குளிரா?

மார்ச்சில் 8 டிகிரி போல, ஆகஸ்டில் 13, 14. வெயில் அடிக்கிறதே என்று டி-ஷர்ட்டில் கிளம்பாதீர்கள்; விழுந்தால் வெயிலிலா விழப்போகிறீர்கள்? ‘1-10-1’ என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூச்சு நிதானப்பட 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். தண்ணீர் புகாத ட்ரை சூட்டும் லைஃப் ஜாக்கெட்டும் இந்தக் கணக்கை நம் பக்கம் சாய்க்கும்.

கூடாரம் போட அனுமதி வேண்டுமா?

வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம் திறந்த நிலத்தில் பொறுப்போடு தங்கும் உரிமையைத் தருகிறது. சின்னக் கூட்டம், ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுக்கு மேல் வேண்டாம், வீடுகளிலிருந்து தள்ளி, வந்த சுவடு இல்லாமல். ஸ்டாஃபாவில் மட்டும் தங்காதீர்கள். பறவைகள் முட்டையிடும் இடம், குடிநீரும் கிடையாது. உல்வாவில் காட்டுப்பெரணி இடுப்பளவு வளர்ந்திருக்கும். நடந்துவிட்டு வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்காலுக்குப் பின்னால் பாருங்கள்.

சாப்பாடு?

புளியோதரை. சிரிக்காதீர்கள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, தண்ணீர் புகாத ட்ரை பேக்கில் போட்டால், அந்தக் குளிரில் இரண்டாம் நாள் மதியம் வரை அலுங்காமல் இருக்கும், அடுப்பும் வேண்டாம். அதன் பிறகு நூடுல்ஸ்தான். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர்; ஓடைநீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம், ஆனால் ஆடு மேயும் தீவு என்பதை மறக்கவேண்டாம்.

வாடகைக் கயாக் நம்பலாமா?

நம்பலாம், சோதித்துவிட்டு. ஓரிடத்தில் எடுத்த கயாக்கில் பின்பக்கச் சாமான் அறை மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. நான் பார்க்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இரண்டாம் மணி நேரத்தில் வால் பக்கம் கனத்து, திரும்ப மறுத்தது. கரையேறித் திறந்தால் தூக்கப்பை சாம்பாரில் போட்ட இட்லி. அன்றிலிருந்து, மூடியை மூடிவிட்டு மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, திறந்து துடைத்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

கைபேசி சிக்னல் கிடைக்குமா?

தென்கரையில் பல இடங்களில் கிடைக்காது. வி.எச்.எஃப் ரேடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அவசர அழைப்புக்குச் சேனல் 16. அதை இயக்க உரிமச் சான்றிதழ் வேண்டும், ஆபத்தில் யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. நாம் ஆபத்தில் இருப்பதைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும் பி.எல்.பி கருவி ஒன்று குழுவில் இருந்தால் நிம்மதி. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நேரம் தாண்டினால் 999 அடித்துக் கடலோரக் காவல்படையைக் கேட்கச் சொல்லுங்கள்.

என்னென்ன விலங்குகள் தெரியும்?

நீர்நாய், கடல்நாய், அதிர்ஷ்டம் இருந்தால் மிங்கி திமிங்கிலம். மேலே வெண்வால் கழுகு. பிரிட்டனில் வேட்டையாடி அழித்துவிட்ட இந்தப் பறவையை 1975இலிருந்து நார்வேயிலிருந்து கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள். 1985இல் முதல் குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்தது மல்லில்தான். பாறையில் படுத்திருக்கும் கடல்நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்தாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள், விலகிவிடுங்கள்.

பக்கத்தில் கோரிவ்ரெக்கன் நீர்ச்சுழல் இருக்கிறதாமே, அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. அது ஜுரா, ஸ்கார்பா தீவுகளுக்கு நடுவே, வேறு திசையில். ஜார்ஜ் ஆர்வெல் ‘1984’ நாவலை எழுதிக்கொண்டிருந்த 1947 கோடையில், ஓத நேரத்தைத் தப்பாகக் கணித்து, சின்ன மகனோடும் அக்கா பிள்ளைகளோடும் அங்கே மூழ்கப் போய் மயிரிழையில் தப்பினார்.

பாதி வழியில் திரும்பினால் வருத்தமாக இருக்காதா?

போன ஜூனில் நாங்கள் மூன்று பேர் லிட்டில் கொலொன்சேயின் மேற்கு முனைவரை போனோம். காற்று இல்லை, வெயில். ஸ்டாஃபா தெளிவாகத் தெரிந்தது, தூண்களைக்கூடப் பிரித்துப் பார்க்கலாம்போல. ஆனால் அதன் அடியில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றி, கலைந்து, மறுபடி தோன்றியது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன்: பன்னிரண்டு விநாடிக்கு ஒருமுறை. ஸ்வெல். ஒருவர் மட்டும் ‘இன்னும் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பாக்கலாமே’ என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரே முதலில் மூக்கைத் திருப்பினார். உல்வா பக்கம் ஒரு கருங்கல் திட்டில் ஏறி உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். பத்தடி தள்ளி ஒரு நீர்நாய் மல்லாந்து மிதந்தபடி நண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. ஓடு உடையும் சத்தம் நறுக் நறுக்கென்று கேட்டது.